ஒன்பதாவது சீப்பு

வாழ்க்கையில் ஒரு தீப்பெட்டிகூட விற்றிராத முப்பது ஆசிரியர்களை ஒரு மண்டபத்தில் இருத்தி, பிள்ளைகளுக்கு வியாபாரம் படிப்பிப்பது எப்படி என்று இரண்டு நாள் படிப்பித்தார்கள். படிப்பித்த அதிகாரியும் எதையாவது விற்றவராகத் தெரியவில்லை. மாதம் முடிந்தால் சம்பளம் தானாக வங்கிக்கு வந்து சேரும் ஆட்கள் நாங்கள். நட்டம் என்ற சொல்லைப் பத்திரிகையில் மட்டும் கண்டிருக்கிறோம். ஆனாலும் மதியச் சாப்பாட்டுப் பார்சல் வரும்வரை தொழில்முனைவைப் பற்றி வலு உறுதியாகக் கதைத்தோம்.

அதிகாரி சொன்ன முறை இதுதான். இரண்டு கிழமைக்கு வகுப்பறையில் பொய்க்கடை போட வேண்டும். வெற்றுப் பெட்டிகளும் களிமண் பழங்களும் சரக்கு. கடதாசியை வெட்டிக் காசு. ஒவ்வொரு நாளும் கடை பூட்டிய பிறகு பிள்ளைகள் வட்டமாக இருந்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். என்ன செய்தேன்? என்ன நடந்தது? அடுத்த முறை எதை மாற்றுவேன்? கடைசி நாள் பெற்றோரை அழைத்து, உண்மையான சரக்கோடும் உண்மையான காசோடும் சிறுவர் சந்தை. அதற்குப் பிறகும் அதே மூன்று கேள்விகள்.

"பிள்ளை விக்கிறது முக்கியமில்லை, யோசிக்கிறதுதான் முக்கியம்" என்றார் அதிகாரி. நான் அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடு இட்டேன். அடிக்கோடு இடுவதில் நான் கெட்டிக்காரி.

நான் நீர்வேலிப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் நாலாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். வீடு உடுவிலில். பொய்க்கடை ஒரு வெறும் கூத்தாக முடியும் என்றுதான் நினைத்தேன். முதல் நாளே பிள்ளைகள் என் வாயை அடைத்துவிட்டார்கள். ஒருவன் தன் கடைக்குக் கூட்டுறவுச் சங்கக்கடை என்று பெயர் வைத்தான். யார் எதைக் கேட்டாலும் "அது முடிஞ்சுது, திங்கக்கிழமை வாங்கோ" என்றான். "உன்ரை முதுகுக்குப் பின்னாலை அடுக்கிக் கிடக்கிறது என்ன?" என்று கேட்டேன். "அது தெரிஞ்ச ஆக்களுக்கு வைச்சிருக்கு" என்றான். மருந்துக்கடை வைத்த பிள்ளை மிச்சக் காசுக்குப் பதிலாக எல்லோருக்கும் ரொபி இனிப்புக் கொடுத்தாள். இன்னொருவன் கடையே போடவில்லை. "நான் சுவிசிலை இருந்து லீவிலை வந்திருக்கிறன்" என்று சொல்லிக்கொண்டு விலை கேட்காமல் எல்லாக் கடையிலும் வாங்கினான். வாங்கியதை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். ஒன்பது வயதில் ஊரை இவ்வளவு துல்லியமாகப் பார்த்து வைத்திருப்பவர்களுக்கு நான் எதைப் படிப்பிக்கப் போகிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

கேள்விகள்தான் சரிவரவில்லை. முப்பத்தொரு பிள்ளைகளில் முப்பது பேர் மூன்று கேள்விக்கும் "நான் மகிழ்ச்சியாக இருந்தேன்" என்று எழுதினார்கள். எங்கள் பாடசாலைகளில் எந்தக் கேள்விக்கும் மகிழ்ச்சி பாதுகாப்பான பதில். ஒருத்தி மட்டும் உண்மையாக எழுதினாள். இரட்டைப் பின்னல்காரி. அவளுடைய தாய் மருதனார்மடம் சந்தையில் வாழைப்பழம் விற்கிறவர். பொய்க்கடையில் முதல் நாள் அவளுக்கு ஒரு பழமும் போகவில்லை. அன்று அவள் எழுதியது இது: "பழத்தின் நல்ல பக்கம் எனக்குத் தெரிகிற மாதிரி அடுக்கிவிட்டேன். அடுத்த முறை வாங்குகிறவருக்குத் தெரிகிற மாதிரி அடுக்குவேன்." அடுத்த நாள் அப்படியே அடுக்கினாள், களிமண் பழம் முழுவதும் போயிற்று. அதற்குப் பிறகு அந்த மூன்று கேள்விகளையும் அவள் நம்பத் தொடங்கினாள். யோசித்துச் சரியாகச் செய்தால் ஆட்கள் வாங்குவார்கள் என்று நம்பினாள். நம்பச் சொன்னது நான்தான்.

சந்தைக்கு முதல் நாள் இடைவேளையில் என்னிடம் வந்தாள்.

"ரீச்சர், அம்மா நாளைக்கு ஒரு முழுக் குலை தாறா. ஒன்பது சீப்பு. முழுக்க வித்துப்போட்டன் எண்டால் ஓகஸ்ட் லீவுக்குச் சந்தையிலை தன்னோடை இருக்க விடுவாவாம்."

"மிஞ்சினால்?"

"ஒரு சீப்பு மிஞ்சினாலும் ரியூசன்."

நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓகஸ்ட் லீவில் அந்தப் பகுதியில் ரியூசன் வகுப்பு நடத்துவது நான்தான். அதைப் பற்றி இருவரும் நாகரிகமாகக் கதைக்காமல் விட்டோம். "நீ விப்பாய் பிள்ளை" என்றேன். ஆசிரியர்களுக்கு இப்படிச் சொல்வதில் ஒரு செலவும் இல்லை.

சந்தை காலை எட்டு மணிக்குத் திறக்கும் என்று அழைப்பிதழில் இருந்தது. எட்டு மணிக்கு விருந்தினர் வரவில்லை. ஒன்பதுக்கு வந்தார். பிறகு பூமாலை, மங்கல விளக்கு, தேவாரம், வரவேற்பு நடனம், அதிபர் உரை, விருந்தினர் உரை. நேரத்தின் பெறுமதி வியாபாரிக்குத்தான் தெரியும் என்று விருந்தினர் நாற்பது நிமிடம் பேசினார். அதற்குள் மேசைகளில் இருந்த கீரை தலை சாய்ந்துவிட்டது. பத்தரைக்கு நாடாவை வெட்டினார்கள். பிள்ளைகளின் சந்தை என்றுதான் பதாகையில் எழுதியிருந்தது. ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் ஒரு தாய் நின்றார். பிள்ளை வாயைத் திறக்க முன்னம் தாய் விலையைச் சொன்னார். ஒரு தாய் போனைப் பிடித்துக் காட்ட, கனடாவில் இருந்த மாமா ஒருவர் நித்திரை முகத்தோடு பத்து வடை வாங்கினார். வடையை யார் சாப்பிடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரட்டைப் பின்னல்காரியின் மேசைக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. அன்று உண்மையான சந்தையும் இருந்தது. தாய் அங்கே நின்றார். இவள் தனியாக நின்று இதரை வாழைப்பழத்தைச் சீப்புச் சீப்பாக, நல்ல பக்கம் எங்களுக்குத் தெரிய அடுக்கியிருந்தாள். விலையைப் பெரிதாக எழுதி வைத்திருந்தாள், சீப்பு முந்நூறு. ருசி பார்க்க ஒரு பழத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கோப்பையில் வைத்து, இலையான் மொய்க்காமல் மூடியிருந்தாள். அந்த முற்றத்தில் கடை என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

"ரீச்சர், முதல் சீப்பு நீங்கள் வாங்குங்கோ" என்றாள்.

விருந்தினருக்குப் பின்னால் நான் போய்க்கொண்டிருந்தேன். அதிபர் கண்ணால் முன்னுக்கு வரச் சொன்னார். "எனக்கு ஒண்டு எடுத்து வை. சுத்திப்போட்டு வந்து எடுக்கிறன்" என்றேன். அவள் உடனே ஒரு நல்ல சீப்பாகப் பார்த்து எடுத்துக் கடதாசிப் பையில் போட்டு, பையில் "ரீச்சர்" என்று எழுதி மேசைக்குக் கீழே வைத்தாள்.

பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்ச் சடங்குகளைத் தெரிந்திருக்க வேண்டும். கலியாணத்திலும், பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் செய்யும் சாமத்தியச் சடங்கிலும் யார் என்ன தந்தார்கள் என்று எங்கள் வீடுகளில் ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். அவர்கள் வீட்டில் ஒரு நிகழ்வு வந்தால் கொப்பியைப் பார்த்து, வந்ததற்குக் குறையாமல் திருப்பிச் செய்வோம். கொஞ்சம் கூடினால் கௌரவம். குறைந்தால் பத்து வருடத்துக்குக் கதை. இந்தப் பழக்கத்தைச் சேலையோடு சேர்த்து உடுத்திக்கொண்டு தாய்மார் சிறுவர் சந்தைக்கு வந்திருந்தார்கள். ஒருவர் இன்னொருவரின் பிள்ளையிடம் முறுக்கு வாங்கினால், அவர் இவருடைய பிள்ளையிடம் அதே அளவுக்கு எலுமிச்சங்காய் வாங்கியாக வேண்டும். தேவை, தரம், விலை எதுவும் அங்கே கதைக்கு வரவில்லை. ஒரு பூசணிக்காய் என் கண்முன்னே நான்கு மேசை மாறியது. வாங்கின தாய் அதைத் தன் பிள்ளையின் மேசையில் வைப்பார். அடுத்தவர் கடமைக்கு அதையே வாங்குவார். ஒவ்வொரு முறையும் விலை கொஞ்சம் ஏறியது.

ஐந்தாவதாக அதை வாங்கியது நான். என் தமையனின் மகளுடைய சாமத்தியச் சடங்குக்கு அதை மேசையில் வைத்திருந்த தாய் ஒரு மோதிரம் கொண்டுவந்து போட்டவர். அவருடைய மேசையைத் தாண்டிச் சும்மா போக என்னால் முடியவில்லை. அதற்கு முன்பே அதிபர் முழங்கையால் இடித்து, டொக்டரின் மகனுடைய கேக்கை வாங்க வைத்திருந்தார். பூசணிக்காய்க்குக் காசு கொடுத்த பிறகு என் கைப்பையில் இருபது ரூபாய் கிடந்தது.

இரட்டைப் பின்னல்காரியின் மேசைக்கும் ஆட்கள் வந்தார்கள். கோப்பையைத் திறந்து ருசி பார்த்தார்கள். நல்ல பழம் என்றார்கள். சீப்பைத் தூக்கிப் பார்த்து, "கெட்டிக்காரி" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவளுடைய தாய் எந்த வீட்டுச் சடங்கிலும் மோதிரம் போட்டதில்லை. ஆகவே அந்தப் பழத்தை வாங்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. பதினொன்றரைக்கு ஒன்பது சீப்பும் அப்படியே இருந்தன.  நான் பூசணிக்காயை வைத்துக்கொண்டு மூன்று மேசை தள்ளித்தான் நின்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் மேசைக்குப் பின்னால் இருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பூசணிக்காய் போன வழியையும் பார்த்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். திடீரென்று எழும்பி, மிச்சம் கொடுப்பதற்கென்று தாய் தந்துவிட்ட சில்லறையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒரு மேசையில் வறுத்த கச்சான் கடலை ஒரு சுருள். இன்னொன்றில் ஒரு லட்டு. வேறொன்றில் ஒரு கட்டு வாடின கீரை. எட்டு மேசையில் எட்டுச் சின்னச் சாமான். வாங்கி முடிந்ததும் ஒவ்வொரு தாயாகத் தேடிப் போனாள்.

"அன்ரி, உங்கடை மகனிட்டைக் கச்சான் வாங்கினனான்" என்று சொல்லிவிட்டுச் சுருளைக் கையில் பிடித்தபடி முன்னால் நின்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்தத் தாயின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முப்பது ரூபாய்க் கச்சானுக்கு முந்நூறு ரூபாய்ப் பழம் வாங்கும்படி எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்கள். குறைத்துச் செய்யவும் வழியில்லை, அவளிடம் சீப்பைவிடச் சின்னச் சரக்கு இல்லை. "ஓம் பிள்ளை, வாறன்" என்று சொல்லித் தப்பப் பார்த்தவரோடு கூடவே நடந்து மேசைவரைக்கும் கூட்டிப் போனாள். இருபது நிமிடத்தில் எட்டுச் சீப்பும் போயின. இரண்டு நாள் செயலமர்வில் எனக்குக் கிடைக்காத வியாபாரப் பாடம் அந்த இருபது நிமிடத்தில் கிடைத்தது. சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னுடைய பங்கு அதில் என்ன என்பது மட்டும் அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

அப்போதுதான் ஒன்பதாவதாக ஒரு தாய் தானாக வந்தார். மற்றவர்கள் வாங்குகிறார்களே என்று வந்திருக்க வேண்டும்.

"கீழை ஒரு பை கிடக்குது. அதைத் தா பிள்ளை."

"அது ரீச்சருக்கு அன்ரி. வந்து எடுக்கிறன் எண்டவா."

"ரீச்சர் எங்கை வரப்போறா. தா."

"இல்லை அன்ரி. சொன்னவா."

நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். பக்கத்தில் நின்ற யாரிடமாவது முந்நூறு ரூபாய் கடனாக வாங்கியிருக்கலாம். "அவவுக்கே குடு பிள்ளை" என்று ஒரு குரல் கொடுத்திருந்தாலும் போதும். கையில் பூசணிக்காயோடு, காசில்லாத ரீச்சராகப் பெற்றோருக்கு முன்னால் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு நிமிடம் பொறுத்துப் போகலாம் என்று நினைத்தேன். அந்த நிமிடத்தில் அதிபர் படம் எடுக்கக் கூப்பிட்டார். விருந்தினர் வெளிக்கிடுகிறார், எல்லா ஆசிரியர்களும் வாங்கோ என்றார். நான் போனேன். அந்தப் படம் இப்போது அலுவலகச் சுவரில் தொங்குகிறது. நான் ஓரத்தில் பூசணிக்காயோடு சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

படம் எடுத்து முடியப் பன்னிரண்டு மணி அடித்து, சந்தை முடிந்தது. அன்றைக்கு நேரத்துக்கு நடந்தது அந்த மணி ஒன்றுதான்.

அவளுடைய தாய் சந்தையில் இருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். மெலிந்த மனுசி. வியர்வையைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது, "எத்தினை மிச்சம்?"

மகள் மேசைக்குக் கீழே இருந்து பையை எடுத்து வைத்தாள். "ஒண்டு. ரீச்சருக்கு வைச்சது."

நான் விழுந்தடித்துக்கொண்டு போனேன். "அது என்ரை. நான் வாங்கினது. காசு நாளைக்குக் கொண்டு வந்து தாறன்."

"காசென்ன காசு ரீச்சர். பிள்ளைக்குப் படிப்பிக்கிறனீங்கள். சும்மா கொண்டு போங்கோ" என்று தாய் பையை என் கைக்குள் வைத்தார்.

"அப்ப அது வித்ததோ, குடுத்ததோ அம்மா?" என்று கேட்டாள் மகள்.

"ரீச்சரிட்டைக் காசு வாங்கிறதே பிள்ளை. குடுத்தது."

"இல்லை, வித்ததுதான்" என்றேன். தாய் பணிவாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மகளின் ஓகஸ்ட் மாதத்தை ரியூசனுக்கு மாற்றிவிட்டார், அதே கையோடு ரீச்சரையும் தனக்குக் கடமைப்பட்டவளாக ஆக்கிவிட்டார். தான் சந்தையில் விற்றுப் பட்ட பாடு போதும், பிள்ளை படிக்கட்டும் என்று அவர் நினைத்ததில் ஒரு பிழையும் இல்லை. அன்று அந்த முற்றத்தில் வியாபாரம் முழுதாகத் தெரிந்தவர் அவர்தான். மகள் தாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

அடுத்த நாள் வட்டமாக இருந்து எல்லோரும் மூன்று கேள்விகளுக்கும் எழுதினார்கள். முப்பது பேர் மகிழ்ச்சியாக இருந்தார்கள். அவளுடைய தாளில் இப்படி இருந்தது.

"நல்ல பழம் வைத்தேன், விலை எழுதி வைத்தேன். நல்ல பழத்துக்கு ஒருவரும் வரவில்லை, நான் அவர்களிடம் வாங்கின பிறகு வந்தார்கள். அடுத்த முறை, வந்து எடுக்கிறேன் என்று சொல்லுகிறவர்களுக்கு எடுத்து வைக்க மாட்டேன். யார் என்றாலும்."

வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப நல்ல தாளாக ஒன்று கேட்டிருந்தார்கள். அதிபர் இதை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உது வேண்டாம் ரீச்சர். பெற்றோருக்கு மனம் நோகும்" என்றார். நான் உடனே தலையாட்டினேன். நான் யோசித்தது பெற்றோரின் மனத்தைப் பற்றி இல்லை. டொக்டரின் மகனுடைய தாளை அனுப்பினோம். நேர்மையும் விடாமுயற்சியும் வெற்றியைத் தரும் என்று, ஒரு பிழையும் இல்லாமல், பெரிய ஆளின் கையெழுத்தில் எழுதியிருந்தான். அதற்குச் சான்றிதழ் வந்தது.

பூசணிக்காயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் பதிலுக்கு ஒரு பலாப்பழம் தந்தார்கள், அந்தக் கதை இன்னும் முடியவில்லை. வாழைப்பழத்தை நானே சாப்பிட்டேன். அன்று அந்த முற்றத்தில் விற்ற எல்லாவற்றிலும் நல்ல சாமான் அதுதான். 

ஓகஸ்ட் முதல் நாள் ரியூசனுக்கு இரட்டைப் பின்னல்காரி எல்லோருக்கும் முன்னம் வந்து முன்வரிசை வாங்கில் இருந்தாள். தாய் மாதக் காசை முற்பணமாகவே கட்டியிருந்தார். நான் ஆயத்தமாகப் போயிருந்தேன். மற்றப் பிள்ளைகள் வர முன்னம், முந்நூறு ரூபாயை எடுத்து அவளுக்கு முன்னால் மேசையில் வைத்தேன். "இது அந்தச் சீப்புக்கு. அம்மாவிட்டைச் சொல்லு, ரீச்சர் வாங்கினது எண்டு. நான் வந்தும் சொல்லுறன்."

அவள் காசைப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மரியாதையாக இரண்டு விரலால் அதை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"சந்தை முடிஞ்சுது ரீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கணக்குக் கொப்பியைத் திறந்து, என்ன எழுதவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.